கம்பு மூச்சு

நவம்பர் 2. காலை 7.15

இல்ல, முடிக்கல. மூணாவது வருஷம் பாதியில காலேஜை விட்டுட்டேன். "கல்வித் தகுதி?"ன்னு இந்த மெஷின் கேக்குது, காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. சொல்லியாச்சு. திருப்தியா?

பேரு லெஸ்டன் மச்சாது. ஊரு தூத்துக்குடி. வேலை: பாசித்தொட்டி தேய்க்கிறது, பாசி நுனி வெட்டுறது, வெட்டினதைக் காயவச்சுப் பொடிச்சு எரிச்சு நம்பர் எடுக்குறது. இதையேதான் காலேஜ்ல உக்காந்து படின்னாங்க. உக்கார முடியல. கையில குடுத்தா செய்வேன்.

இன்டர்காம்ல செண்பக்கா: "ஏலே, லாக் எழுதுதியா, உன் கல்யாணப் பத்திரிகை எழுதுதியா? ஒண்ணுமே தெரியாதவன் நாளைக்கு வந்து படிச்சாலும் புரியணும். அப்படி எழுது."

சரி. ஒண்ணுமே தெரியாதவரே, வணக்கம்.

நீங்க இருக்குறது மன்னார் வளைகுடா, கடலுக்கடியில தொண்ணூறு மீட்டர். இரும்புல ரெண்டு கூடு. பெரிய கூட்டுல நான், பாசித்தொட்டிங்க, எரிக்கிற மெஷின். அறுபது மீட்டர் தள்ளி சின்னக் கூட்டுல டாக்டர் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம். இந்தச் சோதனையே அவங்களோடது. டாக்டர்னு கூப்பிட்டா திட்டும், அக்கான்னுதான் கூப்பிடணும். ரெண்டு கூட்டுக்கும் நடுவுல ஆள் ஊர்ந்து போற மாதிரி ஒரு இரும்புக்குழாய். அதுகூடவே தண்ணி போக ஒரு ரப்பர் ஹோஸ், வர ஒரு ரப்பர் ஹோஸ்.

வெளிக்காத்து கெடையாது. நாங்க விடுற மூச்சுல இருக்குற கார்பன் தண்ணியில கரையும். பாசி அதைத் தின்னுட்டு ஆக்சிஜன் விடும். அதை நாங்க இழுக்கணும். ரெண்டு பேருக்கு ரெண்டு மாசம் தாங்குதான்னு பாக்கணும். அக்கா விடுற மூச்சு, சின்னக் கூட்டுல தண்ணியில கரைஞ்சு ஹோஸ் வழியா வந்து என் தொட்டியில விழும். அந்தத் தண்ணியத் தள்ளுற பம்ப் என் பக்கம்.

ஆக்சிஜன் சரியா இருக்கு. பாசி சரியா இருக்கு. சீனி இல்லாத கடுங்காப்பி சரியா இல்ல.

நவம்பர் 5. காலை 9.40

சீனி ஏன் கூடாதுன்னு எழுதச் சொல்லி உத்தரவு.

கார்பன்ல ரெண்டு ரகம். ஒண்ணு லேசு, ஒண்ணு கொஞ்சூண்டு கனம். நெல்லுப்பயிர் கனமானதை ஒதுக்கிட்டு லேசானதாப் பாத்துப் பிடிக்கும். கம்பு, சோளம், கரும்பு இதெல்லாம் அவ்ளோ ஒதுக்காது. தின்னது மூச்சுல வந்துடும். சோறு தின்னவன் மூச்சு லேசு. கம்பு தின்னவங்க மூச்சு கனம். அதனால இங்க நான் அரிசி மட்டும், அக்கா கம்பு மட்டும். பாசியில எவ்ளோ என் மூச்சு, எவ்ளோ அக்கா மூச்சுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்த ஏற்பாடு. சீனி கரும்புல வருது, அதனால எனக்கு இல்ல. அக்காவுக்கு உண்டு. நியாயம் செத்துப்போச்சு.

எரிக்கிற மெஷின் ஒரு மைனஸ் நம்பர் குடுக்கும். மைனஸ் கூடக்கூட லேசு. என் தொட்டியில வளர்ற பாசிக்குப் பேரு கட்டக்கோரை; எங்க ரெண்டு பேர் மூச்சையும் தின்ன அதோட நுனி இன்னிக்கு மைனஸ் 18. நான் மட்டும் தனியா இருந்தா மைனஸ் 23-க்குப் போயிடும்ங்குறது அக்கா கணக்கு.

இன்டர்காம்:

"அக்கா, உங்க மோர்மொளகா வாசம் இங்க வரைக்கும் வருது."

"ரப்பர் ஹோஸ்ல வாசம் வராதுலே. உனக்கு நாக்கு அலையுது. எங்கப்பா காட்டுக் கம்பாக்கும் இது. நீ வெள்ளச்சோத்தத் தின்னுட்டு கெட."

"ஒரே ஒரு கரண்டி சீனி, யாருக்குத் தெரியப்போவுது."

"உங்கம்மாவுக்குத் தெரியாது. என் பாசிக்குத் தெரியும். தொட்டேன்னா காட்டிக் குடுத்துரும் மவனே."

நவம்பர் 9. மாலை 4.20

புயல் வருதாம். எங்களுக்கு மேல நின்ன கப்பல் துறைமுகத்துக்குப் போகுது. மேல இருந்து எங்களப் பாத்துக்குறவர் டாக்டர் மொகுதூம், காயல்பட்டினத்துக்காரர். அக்காவுக்கு வாத்தியாரா இருந்தவர். இனிமே மிதவை ரேடியோவுலதான் பேசுவார்.

மொகுதூம் சார்: "புயல் கரையக் கடந்ததும் திரும்ப வந்துடுவோம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க."

செண்பக்கா: "இவன் என் சீனி டப்பாவையே பாத்துக்கிட்டு கெடக்கான் சார். நான் கதவப் பூட்டிக்கிடுதேன்."

நவம்பர் 10. மதியம் 1.05

கடலடி மண்ணு சரிஞ்சிடுச்சு. கூடு ஒரு ஆட்டு ஆடி நின்னுச்சு. நடுக்குழாய் ஒடிஞ்சிடுச்சு. என் பக்கத்துக் கதவு தானா மூடிக்கிச்சு. இன்டர்காம் இல்ல. கரையில இருந்து கேபிள்ல வர்ற கரண்டு இல்ல. பேட்டரிதான்.

இன்டர்காம்ல கடைசியா வந்தது: "லெஸ்டன், கதவச் சாத்து!"

சின்னக் கூட்டு மீட்டருங்க எல்லாம் ஒண்ணையே காட்டுது. தண்ணி நிரம்பிடுச்சு, தண்ணி நிரம்பிடுச்சு, தண்ணி நிரம்பிடுச்சு.

1.50

ஹோஸ் ரெண்டும் அறுந்துபோகல. பம்ப் ஓடுது. தண்ணி போகுது, வருது. ரப்பர்ல தட்டிப் பாத்தேன். ரப்பர்ல சத்தம் போகாதுன்னு தெரியும். தட்டினேன்.

முக்குளிக்கிற உடுப்பு, வெளிய போற கதவு எல்லாம் சின்னக் கூட்டுல. என் பக்கம் மேல்மூடி ஒண்ணுதான். மேல இருந்து மீட்புக்கூண்டு இறங்கி வந்து அது மேல உக்காந்தாத்தான் தெறக்கும். போய்ப் பாக்க வழியில்ல.

நவம்பர் 11. காலை 8.30

மொகுதூம் சார்: "மீட்டர் சொல்றத அப்படியே நம்பாதே. கூடு உடைஞ்சாலும் அப்படித்தான் காட்டும். கூடு நல்லாயிருந்து ஒயர் மட்டும் நனைஞ்சாலும் அப்படித்தான் காட்டும்."

"அப்ப அக்கா இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா லெஸ்டன், அந்தக் குழாயே ஒடிஞ்சிருக்கு. மனசத் தயார் பண்ணிக்கோ."

மனசத் தயார் பண்ண வேற ஆளப் பாருங்க. பாசிக்குத் தெரியும். அக்கா மூச்சு விட்டா அது தண்ணியில வரும், தண்ணியில வந்தா பாசியில ஏறும். அக்கா இல்லன்னா நுனி மைனஸ் 23-க்கு இறங்கும். இருந்தா பதினெட்டுலயே நிக்கும். அவ்ளோதான விஷயம்?

பேட்டரி மிச்சத்துக்கு விளக்கப் பாதியாக் கொறச்சுட்டேன். தொட்டித் தண்ணியக் கலக்குற மோட்டாரை நிறுத்திட்டேன். பம்ப்பத் தொடல.

பழைய நுனி எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சாச்சு. இனிமே வளர்றது இந்த நாளுக்கு அப்புறம் வந்த மூச்சு. பெரிய கூட்டு அலமாரியில அக்காவோட சீனிப் பொட்டலம் ஒண்ணு இருந்துச்சு. தண்ணியில கரைச்சு கழிவுக்குழாய்ல ஊத்திட்டேன். நான் இனிப்பு தொட்டா என் மூச்சும் கனமாயிடும், அக்கா மூச்ச மறைச்சிடும்.

நவம்பர் 13. காலை 11.00

மைனஸ் 18.

இன்னொரு தடவை எரிச்சேன். மைனஸ் 18.

அக்கா இருக்கு. செண்பக்கா இருக்கு! கம்பங்கூழக் குடிச்சுட்டு உக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருக்கு!

ரேடியோவுல கத்திட்டேன். சார், "ராத்திரிக்குள்ள திரும்பக் கூப்பிடுறேன்"ன்னார்.

நவம்பர் 14. காலை 10.10

நேத்து ராத்திரி சார் சொன்னத அப்படியே எழுதுறேன். எனக்குப் பிடிக்கல, ஆனா எழுதுறேன்.

"தம்பி, தண்ணிக்குள்ள கார்பன் ரெண்டு வடிவத்துல இருக்கு. ஒண்ணு கரைஞ்ச வாயு. அது பாசிக்கு ஊட்டி விட்ட மாதிரி, சுலபமா உள்ள போகும். இன்னொண்ணு பைகார்பனேட், ஆப்பசோடா மாதிரி உப்பு. கடல்ல அதுதான் ஏராளம். ஆனா அத உள்ள இழுக்க பாசி மெனக்கெடணும். அந்த உப்புல கனமான கார்பன் கூட. நீ கலக்குற மோட்டாரை நிறுத்திட்ட. தண்ணி அசையாம நின்னா இலையச் சுத்தி இருக்குற வாயு தீர்ந்துடும். பாசிக்கு வேற வழியில்லாம உப்புக்கு மாறும். நம்பர் கனமாகும்."

"கனமாகலையே சார். அதே பதினெட்டுதான்."

"அதான் சொல்ல வர்றேன். செண்பகம் மூச்சு நின்னதால அஞ்சு இறங்கியிருக்கலாம். பாசி உப்புக்கு மாறினதால அஞ்சு ஏறியிருக்கலாம். ரெண்டும் சேர்ந்தா அதே பதினெட்டு."

"இல்லன்னா அக்கா உசுரோட இருக்குறதால அதே பதினெட்டு."

"அதுவும் இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்லல. கட்டக்கோரைய வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாதுன்னுதான் சொல்றேன்."

"மோட்டாரை ஓட்டிப் பாக்கவா?"

"ஓட்டினா பேட்டரி எப்ப தீரும்னு பாத்தியா?"

பாத்தேன். பாசி வளர்றதுக்குள்ள தீர்ந்துடும்.

"வேற மீட்டர்ல ஏதாவது?"ன்னு கேட்டேன். விளக்கக் கொறச்சதுல தண்ணியோட எல்லாக் கணக்கும் கலங்கிப்போய் கெடக்கு. எதுவும் எதையும் சொல்லல.

நவம்பர் 15. காலை 7.00

ஆக்சிஜன் இறங்குது. மாடிப்படி ஏறின மாதிரி சும்மா உக்காந்தாலே மூச்சு வாங்குது. பம்ப்பும் ஓடி, விளக்கும் எரிய கரண்டு இல்ல. பாதி வெளிச்சத்துல பாசி விடுறது எனக்கே பத்தல. முதல் புயல் போயி அடுத்த காத்தழுத்தம் வந்துடுச்சாம். கப்பல் கிளம்பல.

மொகுதூம் சார்: "பம்ப்ப நிறுத்து. அந்தக் கரண்டுல விளக்க முழுசா போடு. நீ பொழைச்சிருவ."

"அக்கா இருந்தா? பாசித்தண்ணி போகலன்னா அந்தக் கூட்டுக் காத்து வெஷமாயிடும் சார்."

"இருந்தான்னு வச்சுக்கோ. பம்ப் ஓடினா ரெண்டு பேரும் செத்துடுவீங்க. நூத்துல தொண்ணூறு, செண்பகம் அன்னிக்கே போயிட்டா. என் புள்ள மாதிரி அவ. மனசாரவா நான் சொல்றேன்?"

நான் மாட்டேன்னுட்டேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். மன்னிக்கணும் சார்.

மதியம் 12.30

சார் அக்காவோட அப்பாவ லைன்ல குடுத்தார். பெருமாள்சாமி. ஊர்ல இருந்து துறைமுகத்துக்கு வந்து அங்கயே கெடக்காராம். எனக்கு அவர் குரலே தெரியாது. கேட்டதும் தெரிஞ்சிடுச்சு, அக்கா இழுக்குற மாதிரியே இழுக்குறார்.

"எய்யா, உன் பேரு என்னய்யா?"

"லெஸ்டன் ஐயா."

"உன்னப் பத்திச் சொல்லிருக்கா. சீனிக்கு அலையுதான்னு சொல்லிச் சிரிப்பா." மூக்கச் சிந்துறது கேட்டுச்சு. "எய்யா, நீயும் ஒருத்தி பெத்த புள்ளதான. எம்மவளுக்கு விதி முடிஞ்சுபோச்சு. உசுரு இருக்கவன் பொழைக்கணும். என்னமோ பம்ப்பாமே, அத நிறுத்திருய்யா. நான் சொல்லுதேன். நீயாவது மேல வா."

பெத்தவரே சொல்லிட்டார்.

1.10

நிறுத்திட்டேன்.

பம்ப் ஓடும்போது அந்தச் சத்தம் காதுலயே விழல இத்தனை நாளும். நின்னப்புறம்தான் கேக்குது.

நவம்பர் 17. காலை 9.00

விளக்கு முழுசா எரியுது. ஆக்சிஜன் ஏறுது. தலைவலி கொறஞ்சுது. சோறு தின்னேன். பாசி தளதளன்னு வளருது. எல்லாம் சரியா இருக்கு.

எல்லாம் சரியா இருக்குறது பிடிக்கல.

நவம்பர் 18. மாலை 5.00

எழுத ஒண்ணுமில்ல. தொட்டி தேய்ச்சேன்.

நவம்பர் 20. காலை 6.50

சார் கூப்பிட்டார். குரல் வேற மாதிரி இருந்துச்சு.

"லெஸ்டன், உன் தொட்டிங்கள்ல நெழல்ல வளர்ற செவப்புப் பாசி இருக்கா? நூல் மாதிரி?"

"இருந்துச்சு. அதத் தேய்ச்சு எடுக்குறதுதான சார் என் வேலை."

"மிச்சமே இல்லையா? நல்லாப் பாரு."

பாத்தேன். ஹோஸ் வந்து விழுற வாய்ல, உள்பக்கம், பிரஷ் எட்டாத எடத்துல ஒரு கொத்து தொங்குது.

"அல்ஹம்துலில்லாஹ். அத வெட்டு. வேர்கிட்ட வெட்டு. நெழல் செவப்புப் பாசிக்கு உப்ப இழுக்குற வித்தை தெரியாது. கரைஞ்ச வாயு மட்டும்தான் திங்கும். வாயு கெடைச்சா வளரும், கெடைக்கலன்னா சும்மா கெடக்கும், ஆனா மாறாது. உப்பு சேராததால அதோட நம்பரே கட்டக்கோரையவிட ரொம்ப லேசாத்தான் வரும். அதோட நம்பர் ஆடிச்சுன்னா மூச்சு மாறினதாலதான் ஆடும். நுனியில வளர்ற பாசி அது. அடியில பழசு, நுனியில புதுசு. துண்டு துண்டா வெட்டி எரி." அப்புறம், "அன்னிக்கே கேட்டிருக்கணும் நான். கட்டக்கோரையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். என் புத்தியில ஏறல"ன்னார்.

மதியம் 2.15

அடி: மைனஸ் 33. மண் சரியுறதுக்கு முந்தி வளந்தது. அப்ப நாங்க ரெண்டு பேரும் இருந்தோம்.

நடு: மைனஸ் 33. மண் சரிஞ்சதுக்கு அப்புறம் வளந்தது.

நுனி: மைனஸ் 38. பம்ப் நின்னதுக்கு அப்புறம் வளந்த துளி. அரிசி மட்டும்.

அடியும் நடுவும் ஒண்ணு.

திரும்பப் படிங்க. அடியும் நடுவும் ஒண்ணு. மண் சரிஞ்சப்புறமும் கம்பு மூச்சு வந்துகிட்டே இருந்திருக்கு. நான் ஸ்விட்ச்ச அமுக்குற வரைக்கும் வந்திருக்கு.

2.20

பம்ப் போட்டுட்டேன்.

சார்கிட்ட நம்பரப் படிச்சேன். அழுவுற சத்தம் கேட்டுச்சு. நான் அழல. நேரமில்ல. விளக்கு பாதி. சாப்பாடு பாதி. படுத்தே கெடக்கப்போறேன், படுத்தா ஆக்சிஜன் கொஞ்சமாத்தான் செலவாகும். அந்தச் செவப்புப் பாசிய வேர் மட்டும் விட்டு வச்சிருக்கேன், பக்கத்துல இன்னும் ரெண்டு இழை இருக்கு. வளரட்டும்.

அஞ்சு நாள் நின்னுருக்கு பம்ப். அஞ்சு நாள் ஒரு ஆள் தாங்கலாம். சின்னக் கூடு ஒண்ணும் அவ்ளோ சின்னது இல்ல. தாங்கலாம். அக்கா கெட்டிக்காரி. அசையாம படுத்திருக்கும்.

நவம்பர் 23. காலை 8.40

புது நுனி. துளிதான் வளந்திருக்கு. கத்தரி ரெண்டு தடவை விழுந்துடுச்சு.

மைனஸ் 31.

முப்பத்தி மூணு கூட இல்ல, முப்பத்தி ஒண்ணு! எப்பவும் வர்றதவிடக் கனம். கம்பு மூச்சு வண்டி வண்டியா வருது.

மொகுதூம் சார்: "லெஸ்டன், பொறு. அடுத்த நுனி பாத்துட்டுச் சொல்லலாம். எதுக்குச் சொல்றேன்னா—"

பொறுக்கல. பெருமாள்சாமி ஐயா லைன்லதான் இருந்தார்.

"ஐயா, அக்கா இருக்கு. உசுரோட இருக்கு ஐயா. மூச்சு வருது."

"என்னய்யா சொல்லுத?"

"உங்க காட்டுக் கம்பு ஐயா. பாசியில ஏறியிருக்கு. பாத்துட்டேன்."

ஒரு சத்தம் போட்டார். அது என்ன சத்தம்னு எழுதத் தெரியல. அப்புறம் பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்றது கேட்டுச்சு, "இருக்காளாம், எம்மவ இருக்காளாம், கம்பு காட்டிக் குடுத்துருச்சாம்."

நவம்பர் 24. மாலை 3.00

ஆக்சிஜன் கம்மி. உதடு ஊதாவா இருக்கு, கண்ணாடியில பாத்தேன். சிரிச்சேன். பரவால்ல.

சார் காலையில இருந்து பேசல. கப்பல் ரெடி, காத்து அடங்கினதும் கிளம்புது, மூணு நாலு நாள்ல வந்துடும்னு வேற யாரோ சொன்னாங்க.

அக்கா, இன்னும் கொஞ்சம்தான். நான் நுனி வெட்டிக்கிட்டே இருக்கேன். நீங்க மூச்சு விட்டுக்கிட்டே இருங்க. அதுதான் உங்க வேலை இப்ப.

நவம்பர் 25. காலை 9.20

மைனஸ் 36.

சரியா எரியலையோ என்னமோ. மெஷின் சூடாகல. பேட்டரி கம்மி.

திரும்ப. மைனஸ் 36.

நவம்பர் 26. நேரம் பாக்கல

38.

கட்டக்கோரைய எரிச்சேன், அது என்னமோ சொல்லுது, அதை எவன் கேட்டான். செவப்ப எரிச்சேன். 38. கடைசி இழையோட கடைசி நுனி. 38.

பம்ப் ஓடுது. கை வச்சுப் பாத்தேன், ஓடுது. தண்ணி வருது. ஹோஸ் வாய்ல முகத்த வச்சேன். வருது. வெறும் தண்ணி.

மாலையா இருக்கணும்

சார் பேசினார். நான் கேக்காமலே சொன்னார். அன்னிக்கு அவர் "பொறு"ன்னதும் இதுக்குத்தானாம்.

"பம்ப் நின்ன நாள்ல அவ விட்ட மூச்செல்லாம் அந்தக் கூட்டுக்குள்ளயே சேர்ந்து நின்னிருக்கும் தம்பி. நீ பம்ப்பப் போட்டதும் அந்தத் தேங்கின காத்து மொத்தமா தண்ணியில கரைஞ்சு வந்திருக்கு. அதான் முப்பத்தி ஒண்ணு. புதுசா ஒண்ணும் வரல. அது தீரத் தீர இறங்கியிருக்கு."

மிச்சமிருந்த மூச்சு.

நான் உசுருன்னு கத்தினது அறையில மிச்சமிருந்த மூச்சு.

"கணக்குப் போட்டியா?"ன்னு கேட்டார்.

எந்தக் கணக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தேங்கி நின்ன கம்பு மூச்சு மொத்தம் எவ்ளோன்னு பாத்தா, பம்ப் நின்னதுக்கு அப்புறம் அக்கா எவ்ளோ நேரம் அதுக்குள்ள உசுரோட இருந்துச்சுன்னு வந்துடும். கஷ்டமான கணக்கு இல்ல. காலேஜ விட்டவனே போட்டுடலாம்.

"போடல சார்."

"போடாதே."

"நீங்க போட்டீங்களா?"

ரேடியோவ வச்சுட்டார்.

நவம்பர் 27

விளக்க முழுசா போடச் சொன்னாங்க. பம்ப்ப நிறுத்தணும் அதுக்கு.

இந்தத் தடவை ரொம்ப நேரம் ஸ்விட்ச் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லன்னு தெரியும். நுனி சொல்லிடுச்சு. இருந்தாலும் கை போகல. முதல் தடவை ஐயா சொன்னதும் போச்சு, இப்ப போகல.

கடைசியில பேட்டரி இறங்கி பம்ப் தானாவே நின்னுடுச்சு, மிச்சக் கரண்டு விளக்குக்கும் ரேடியோவுக்கும்.

நவம்பர் 28. காலை 6.30

கப்பல் வந்துடுச்சு. கூண்ட இறக்குறாங்க. என்னத் தூக்கிட்டு அப்புறம் சின்னக் கூட்டுக்கு முக்குளிக்கிறவங்க போவாங்களாம்.

பெருமாள்சாமி ஐயாவும் கப்பல்லதான் இருக்கார். லைன்ல வந்தார்.

"எய்யா லெஸ்டன். நான் வந்துட்டேன்யா. அவளுக்கு மாத்துத்துணி எல்லாம் கொண்டாந்துருக்கேன். ரொம்ப மெலிஞ்சுருப்பாளோ? டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு, மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாரு. என்னமோ கோவம் போல. நான்தான பம்ப்ப நிறுத்தச் சொன்னேன், அந்தக் கோவமா இருக்கும். நல்லவேளை, நீ திரும்பப் போட்ட. எம்புள்ளயக் காப்பாத்துனது நீதான்யா. கேக்குதா?"

சார் இன்னும் சொல்லல. இடையில அவர் குரல் மட்டும் வந்துச்சு, மெதுவா, எனக்கு மட்டும்: "என்னால முடியல லெஸ்டன். நீ மேல வா. சேர்ந்து சொல்லுவோம்."

எதைச் சேர்ந்து சொல்றது. இல்லன்னு சொல்லணும். இல்லன்னா எப்பன்னு கேப்பார். அன்னிக்கேன்னு பொய் சொல்லலாம், ஆனா மூச்சு வருதுன்னு கத்தினவன் நான். கம்பு காட்டிக் குடுத்துச்சுன்னு நம்பிட்டு வந்து நிக்கிறார். எப்பன்னு உண்மையச் சொன்னா, பம்ப்ப நிறுத்தச் சொன்னது யாருன்னு அவருக்கே தெரியும். சொன்னவரு அவர். அமுக்கினது நான். சார் கணக்குப் போட்டாரு. மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் இன்னும் தெரியாது.

கூண்டு வந்து உக்காந்துடுச்சு. மூடியில தட்டுறாங்க. ஐயா இன்னும் லைன்ல, "எய்யா, அவகிட்ட சொல்லு, அப்பா மேல நிக்கேன்னு சொல்லு"ங்குறார்.

மூடி தெறக்குது. நான் போணும்.